யாகப்பரின் ஒட்சிசன் பந்தல்

மன்னார்த் தீவின் பள்ளிமுனை யாகப்பர் இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு ஆவணி மாதத்தில் பதினொரு நாட்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தார். அந்த அறையில் கிடந்த மூன்று பேர் வீட்டுக்குத் திரும்பவில்லை. யாகப்பர் திரும்பினார். கொரோனா வருவதற்கு முன் அவர் நம்பியவை இரண்டே இரண்டு: அந்தோனியார், தன்னுடைய சொந்த அபிப்பிராயம். திரும்பி வந்தபோது மூன்றாவதாக ஒட்சிசனும் சேர்ந்திருந்தது.

சுவிஸில் இருக்கும் தம்பி பயந்துபோய் ஒட்சிசன் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கப்பலில் போட்டுவிட்டான். பயணப் பெட்டி அளவு. வெளிக்காற்றை இழுத்து, அதிலிருக்கும் நைதரசனைக் கழித்துவிட்டு, ஒட்சிசனைக் குழாய் வழியே விடும். அது வந்து சேர்ந்தபோது யாகப்பர் தன் வலைச்சாமான் கடையில் நின்று வாடிக்கைக்காரரோடு சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். ஆனாலும் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்து, கொஞ்ச நேரம் அதன் இரைச்சலைக் கேட்டபடி இருப்பார். மனைவி பிலோமினா அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் சொல்வாள்.

இரண்டு வருடம் கழித்து, பங்குனி மாதக் கடைசியில், யாகப்பர் வளவுக்குள் ஒரு பிளாஸ்ரிக் கூடாரம் கட்டத் தொடங்கினார். இருபது அடி நீளம், பத்தடி அகலம். வளைத்த குழாய்களின் மேல் தடித்த பொலித்தீன். ஓட்டை இருந்த இடமெல்லாம் வள்ளம் ஒட்டுகிற பைபர் பசையால் அடைத்தார். கதவு விளிம்புக்கு ரப்பர். ஒரு எறும்பு உள்ளே போவதென்றாலும் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். இயந்திரத்தைக் கூடாரத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்து, குழாயை மட்டும் உள்ளே விட்டார். உள்ளே வைத்தால் அது உள்காற்றையே இழுத்து உள்ளேயே விடும், ஒரு மாற்றமும் வராது என்பதை யோசிக்கிற அளவுக்கு அவருக்கு மூளை இருந்தது. வில்லங்கமே அதுதான்.

"உதுக்குள்ள என்ன வைக்கப் போறியள்?" என்று பிலோமினா கேட்டாள்.

"பயற்றங்கொடி. ஒட்சிசனிலேயே வளரப்போகுது. சாகக் கிடந்த என்னையே எழுப்பினது, ஒரு கொடியை எழுப்பாதோ?"

"கொடிக்குக் கொரோனா வந்ததோ?"

யாகப்பர் பசை வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த ஓட்டைக்குப் போனார். விஞ்ஞானம் தெரியாதவர்களோடு பேசிப் பயனில்லை என்பது அவர் எண்ணம். அவருக்கு விஞ்ஞானம் கற்பித்தது ஆஸ்பத்திரிக் கட்டில்.

பிலோமினா கோழிகளுக்கு வாங்கிய சோளத்தில் மிஞ்சிய ஒரு பிடியைக் கிணற்றடி வேலியோரமாக ஊன்றிவிட்டு, அதை மறந்துபோனாள்.

அதே வாரம் திருநாள் ஆயத்தக் கூட்டம். ஆனி, அதாவது ஜூன், பதின்மூன்றில் அந்தோனியார் திருநாள். திருப்பலி முடிய முந்நூறு பேருக்குச் சாப்பாடு. யார் எதைக் கொடுப்பது என்று பேச்சு வந்ததும் யாகப்பர் எழுந்து நின்றார்.

"பயற்றங்காய் முழுக்க என்ர பொறுப்பு. ஒரு ஆளும் ஒரு காய் கொண்டுவரத் தேவையில்லை."

வீட்டுக்கு வரும் வழியில் கொஞ்சம் கூடிப்போயிற்றோ என்று அவருக்கே பட்டது. 'பெரும்பகுதி' என்று மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனார். அதற்குள் பாதர் அதைப் பீடத்திலிருந்து அறிவித்து, சனங்களைக் கைதட்டவும் வைத்துவிட்டார்.

விதைகள் முளைத்தன. முதல் இரண்டு வாரம் யாகப்பர் நிலத்தில் கால் பாவாமல் திரிந்தார். பிறகு கொடிகள் யோசிக்கத் தொடங்கின. இலைகள் சிறுத்து வெளிறின. தண்டு மட்டும் மெலிந்து நீண்டு, கட்டிவிட்ட கயிற்றில் களைத்தவர் போலத் தொங்கியது. ஒன்றிரண்டு பூ வந்தது. வந்த பூவும் மறுநாள் தரையில் கிடந்தது. பத்து மணிக்கெல்லாம் உள்ளே போனால் சட்டை உடம்போடு ஒட்டும். யாகப்பர் எருப் போட்டார். தண்ணீர் கூட்டினார். இயந்திரத்தை இருந்த மட்டில் ஆகக் கூடிய அளவில் விட்டார். கொடிகள் இன்னும் வெளிறின.

கிணற்றடியில் சோளம் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. அதற்கு ஒருவரும் எருப் போடவில்லை. பிலோமினா உடுப்புத் தோய்த்த தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் ஓடியது. யாகப்பர் குளிக்கப் போகும்போது அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வைகாசி நடுவில் ஒரு சனிக்கிழமை காலை, விஞ்ஞானம் கைவிட்ட இடத்தில் அந்தோனியாரைக் கூப்பிடுவதென்று முடிவெடுத்தார். வீட்டிலிருந்த அந்தோனியாரின் ஒரு முழ உயரச் சுருவச் சிலையைத் தூக்கிக்கொண்டு போய், கூடாரத்தின் நடுவில் ஒரு முக்காலியில் வைத்தார். கடதாசிப் பூமாலை போட்டார். புனிதருக்கும் கொஞ்சம் நல்ல காற்றுப் படட்டும் என்று ஒட்சிசன் குழாயின் வாயைச் சுருவத்தின் காலடிக்குத் திருப்பினார். பிறகு அந்தக் காலடியில் ஒரு மெழுகுதிரியை ஏற்றினார்.

சுவாலை ஒரு கணம் தயங்கியது. பிறகு வெள்ளையாகி, சீறிக்கொண்டு, ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நின்றது.

யாகப்பர் முழந்தாளில் விழுந்தார். "புதுமை! பிலோ, ஓடி வா! புதுமை!"

பிலோமினாவுக்கு முன் அயல் வந்துவிட்டது. ஆலயப் பாடகர் குழுவை நடத்தும் மேரிசெல்வி வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவள். பாய்ந்து வந்து சுவாலையைக் கண்டதும் பாடத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது அடி பாடும்போது அந்தோனியாரின் மாலை பற்றியது. மூன்றாவது அடியில் மேலேயிருந்த பொலித்தீன் உருகி, வட்டமாகச் சுருங்கி, வானம் தெரிந்தது. அதையும் சிலர் புனிதர் செய்த அற்புதத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

பிலோமினா குசினி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள். வாளியோடு வந்தாள். அந்தச் செதில் தண்ணீரை அப்படியே புனிதரின் தலைமேல் ஊற்றினாள். பாட்டு நின்றது.

பாதர் மோட்டார் சைக்கிளில் வந்தபோது அந்தோனியார் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்; தோளில் ஒரு சூடை மீன் செதில். பாதர் கூடாரத்துக்குள் தலையை விட்டு, குழாயைப் பார்த்தார். குழாய் போன வழியே வந்து இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு யாகப்பரைப் பார்த்தார்.

"யாகப்பர் அண்ணே, ஒட்சிசனுக்குப் பக்கத்தில நெருப்பு வைச்சிருக்கிறியள். நீங்கள் உயிரோட நிக்கிறதுதான் இதில புதுமை."

"அப்ப மேலிடத்துக்கு அறிவிக்க மாட்டியளோ, பாதர்?"

"எதை? மீன் தண்ணியையோ?"

பாதர் அங்கேயே நின்று பஸ்னாவுக்குத் தொலைபேசி எடுத்தார். பஸ்னா எருக்கலம்பிட்டிக்காரி, விவசாயப் போதனாசிரியர். மழைக்காலத்தில் அடம்பன் பக்கம் நெல்வயல்களிலும் மற்றக் காலத்தில் தீவுக்குள் வீட்டுத் தோட்டங்களிலும் ஸ்கூட்டியில் திரிகிறவள். நாற்பது வயதுக்குள் இருக்கும். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது என்று அவளைப் பற்றி ஊரில் ஒரு முறைப்பாடு உண்டு.

மறுநாள் பின்னேரம் வந்தாள். உள்ளே போய், ஐந்து நிமிடம் நின்று, வேர்த்துக் கொட்ட வெளியே வந்தாள்.

"இதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?"

"நானே யோசிச்சது, மிஸ்."

"அதுதானே பாத்தன். மரங்களுக்கு ஒட்சிசன் சாப்பாடில்லை, ஐயா. காபனீரொட்சைட்டுத்தான் சாப்பாடு. நாங்க வெளியில விடுற மூச்சில இருக்கே, அது."

"அது எனக்கும் தெரியும். கூட ஒட்சிசன் குடுத்தா நட்டமில்லைத்தானே?"

"அங்கதான் பிழை," என்று பஸ்னா கிணற்றுக்கட்டில் இருந்துகொண்டாள். பிலோமினா தேத்தண்ணி கொண்டுவந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "இலைக்குள்ள றுபிஸ்கோ எண்டு ஒரு நொதியம் இருக்கு. காபனீரொட்சைட்டைப் பிடிச்சுச் சீனி செய்யிற வேலைக்குக் குடுக்கிறது அதுதான். அதுக்கு ஒரு குறை. ஆளை வடிவா அடையாளம் தெரியாது. ஒட்சிசன் கிட்ட வந்தா, சில நேரம் அதையும் பிடிச்சுப் போடும்."

"பிடிச்சா?"

"பிடிச்சா, ரெண்டு காபன் உள்ள உதவாத சாமான் ஒண்டு வரும். பொசுபோகிளைக்கொலேற்று எண்டு பேர். அதைச் சும்மா விட்டா மற்ற வேலையையும் குழப்பும். அப்ப இலை அதைத் திருத்தியெடுக்க வேணும். பச்சையவுருமணி எண்ட அறையில இருந்து பெரொட்சிசோம் எண்ட அறைக்கு அனுப்பும். அங்க காயம் கழுவிற மருந்து இருக்கெல்லே, ஐதரசன் பேரொட்சைட்டு, அது உண்டாகும். அதை உடன உடைக்க வேணும், இல்லாட்டி இலைக்கே நஞ்சு. கிளைசீன் எண்டு ஒண்டு மிஞ்சும். அதைத் தூக்கிக்கொண்டு இழைமணி எண்ட மூண்டாவது அறைக்குப் போகும். ரெண்டு கிளைசீன் சேந்து ஒரு செரீன் ஆகேக்க அமோனியாவும் வரும், காபனீரொட்சைட்டும் வரும். பிறகு செரீனைத் திருப்பிப் பெரொட்சிசோமுக்குக் கொண்டுபோய்..."

"ஒரு கையெழுத்துக்கு மூண்டு அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கிற கதை," என்றாள் பிலோமினா.

"ஓம் அக்கா, அப்பிடித்தான். கடைசியில நாலு காபனில மூண்டுதான் திரும்பிக் கிடைக்கும். ஒண்டு வெளியில போயிரும். கஷ்டப்பட்டுப் பிடிச்ச காபனைத் தானே திரும்பக் காத்தில விடுது. வந்த அமோனியாவைப் பிடிக்கவும் சத்தி செலவு. ஒளிச்சுவாசம் எண்டு இதைத்தான் சொல்லுறது."

யாகப்பருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப என்ர இயந்திரம்தான் கொடியளைக் கொண்டதோ?"

"அதின்ர பங்கு கொஞ்சம். பெரிய பாவம் உங்கட கதவு. இப்பிடி அடைச்சா உள்ள இருந்த காபனீரொட்சைட்டைக் கொடியள் காலமையே முடிச்சிரும். புதுசா வர வழியில்லை. மேல வெக்கை வேற. வெக்கை கூடக் கூட றுபிஸ்கோ ஒட்சிசனைப் பிடிக்கிறதும் கூடும். வெளியில வளந்தாலும் வெயிலுக்குத் தண்ணி காணாட்டி இலைவாயைப் பூட்டிக்கொள்ளும், அப்பவும் இதே கதைதான். நீங்க என்னண்டா முழுத் தோட்டத்தையும் பூட்டி, மேல ஒட்சிசனும் ஊத்தியிருக்கிறியள். இதைவிட வடிவா ஒளிச்சுவாசம் செய்விக்க ஒரு பல்கலைக்கழகத்தாலயும் ஏலாது."

"அப்ப இந்தச் சோளம்?" என்று பிலோமினா வேலிப்பக்கம் கையைக் காட்டினாள். அவள் குரலில் விஞ்ஞான ஆர்வம் மட்டும் இருக்கவில்லை.

"சோளம் வேற விதம், அக்கா. அது முதல்ல ஒட்சிசனோட ஏமாறாத வேறொரு நொதியத்தால காபனீரொட்சைட்டைப் பிடிக்கும். பிறகு இலையின்ர உள்ளறைக்குள்ள கொண்டுபோய்க் குவிச்சு, அங்க வைச்சு றுபிஸ்கோவுக்குக் குடுக்கும். அதால மன்னார் வெயில் அதுக்குப் பெரிய கணக்கில்லை."

"கேட்டியளோ?" என்றாள் பிலோமினா.

யாகப்பர் கேட்காததுபோல் நின்றார். பிறகு, கடைசி வழக்கையும் வெல்லப் பார்ப்பவராக, "அப்ப உந்த ஒளிச்சுவாசத்தில ஒரு நன்மையும் இல்லையோ?" என்றார்.

"முழுக்க வீண் எண்டு சொல்லேலாது. வெயில் கூடின நேரம் இலை எரியாமல் காக்கிறதில அதுக்கும் ஒரு பங்கு இருக்கெண்டு படிச்சவங்க சொல்லுறாங்க. ஆனா திருநாள் கறிக்கு அது காணாது."

கூடாரத்தின் இரண்டு முனைகளையும் திறக்கவும், மேலே தென்னங்கிடுகு போட்டு நிழல் கொடுக்கவும், காலை மாலை தண்ணீர் விடவும் சொல்லிவிட்டுப் பஸ்னா ஸ்கூட்டியை எடுத்தாள். "முதல்ல அந்த இயந்திரத்தை நிப்பாட்டுங்கோ," என்றாள்.

யாகப்பர் அன்றைக்கு முனைகளைத் திறந்தார். கிடுகும் போட்டார். இயந்திரத்தை நிறுத்தவில்லை. குழாயைக் கூடாரத்திலிருந்து கழற்றி வேலிப்பக்கம் போட்டார். அது ஒருவருக்கும் இல்லாமல் வேலிக்கு ஒட்சிசன் ஊதிக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானமும் அப்படியே; பக்கத்தில் கதிரையில் யாகப்பர். பிலோமினா கதிரை ஒன்றை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"வேலிக்கும் மூச்சு முட்டுதோ?"

அவர் சிரிக்கவில்லை. "பிலோ, அங்க படுத்திருக்கேக்க இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருக்கால் கரண்ட் போனது. அரை நிமிசம் இருக்காது. சத்தம் நிண்டுபோச்சு. நான் செத்திட்டன் எண்டுதான் நினைச்சனான். பக்கத்துக் கட்டில்காரன் என்ர கையைப் பிடிச்சவன். அடுத்த நாள் அவன் இல்லை. பேர் கூடக் கேக்கேல்லை." இயந்திரத்தின் மூடியைக் கையால் தடவினார். "இதைச் சும்மா அலுமாரிக்குள்ள வைக்க மனம் வரேல்லை. ஏதாவது ஒரு உயிருக்கு உதவட்டும் எண்டு பாத்தன்."

பிலோமினாவுக்கு இந்தக் கதையை இரண்டு வருடமாக அவர் சொல்லியிருக்கவில்லை. அவள் மூக்கைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள்.

"ஒரு உயிருக்கு எண்டா, ஒரு மனுசனுக்குக் குடுக்கிறதெல்லே. பயற்றங்காயே கிடைச்சது உங்களுக்கு?"

பாதரிடம் கேட்டபோது தலைமன்னாரில் செபஸ்தியம்மா என்ற பெண் இருப்பதாகச் சொன்னார். கருவாட்டு வாடியில் வேலை செய்தவள். நெஞ்சு பழுதாகி, மாதத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். டொக்டர் வீட்டில் வைக்க இயந்திரம் ஒன்று தேடச் சொல்லியிருக்கிறார். யாகப்பர் ஓட்டோ பிடித்து, மடியில் இயந்திரத்தை வைத்துக்கொண்டு போனார். டொக்டர் எழுதிக்கொடுத்த அளவுக்குத் திருகி, குழாயை மாட்டிவிட்டார். கால் மணித்தியாலத்தில் அவள் முகத்தில் நீலம் குறைந்தது. யாகப்பருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அறிவும் தாங்கவில்லை. கட்டிலோரம் குந்தியிருந்து, ஒட்சிசன் மனிதருக்கு நல்லது ஏன், பயற்றங்கொடிக்குக் கூடாதது ஏன் என்று றுபிஸ்கோவிலிருந்து தொடங்கி விளக்கினார். பெரொட்சிசோம் வரைக்கும் செபஸ்தியம்மா பொறுத்தாள். பிறகு குழாயை மூக்கிலிருந்து விலக்கி, "ஐயாவுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பி விடுங்கோ," என்று மகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் கொடிகள் ஒரு வாரத்தில் கொஞ்சம் நிமிர்ந்தன. புதுத் துளிர் பச்சையாக வந்தது. ஆனால் திருநாளுக்கு இருபது நாள்தான் மிச்சம். யாகப்பருக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. பஸ்னா சொன்னதில் ஒன்று அவர் மண்டையில் நின்றுவிட்டது: நாங்கள் விடும் மூச்சுத்தான் கொடிக்குச் சாப்பாடு. ஊரில் ஆகக் கூட மூச்சு விடுகிறவர்கள் யார்?

மேரிசெல்வியின் பாடகர் குழுவில் பதினாறு பேர். திருநாளுக்குப் பயிற்சி செய்ய இடமில்லாமல் மண்டபத்துக்காரரோடு முரண்பட்டுக்கொண்டிருந்தார்கள். யாகப்பர் தன் கூடாரத்தைத் தருவதாகச் சொன்னார். பிறகு பஸ்னாவைத் தொலைபேசியில் கேட்டார்.

மறுபக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஸ்கூட்டியின் சத்தம் நின்றது.

"ஐயா, எத்தனை பேர் எண்டீங்க?"

"பதினாறு. அதில நாலு பேர் நல்ல தொண்டை."

"காலமை வெயில் ஏறமுன்ன, ஒரு மணித்தியாலம், முனையளை அரைவாசி சாத்தி..." அவள் கணக்குப் போடுவது கேட்டது. "ஓம். கொஞ்சம் நன்மை இருக்கும்." அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை என்பதும் கேட்டது. "ஆனா ஆருக்கும் தலை சுத்தினா உடன வெளியில எடுங்க. பாட்டு முடிய எல்லாத்தையும் திறந்துவிடுங்க. மெழுகுதிரி கூடாது!"

அப்படித்தான் வைகாசிக் கடைசியிலும் ஆனித் தொடக்கத்திலும் பள்ளிமுனையில் காலை ஆறரைக்கு, இரண்டு வரிசைப் பயற்றங்கொடிகளுக்கு நடுவில் நின்று பதினாறு பேர் பாடினார்கள். யாகப்பர் வரிசைகளுக்கிடையில் நடந்து, வெளிறிய கொடி எது என்று பார்த்து ஆட்களை இடம் மாற்றினார். "மேரிசெல்வி, நீ இஞ்சால வா, இந்தக் கொடி பசியில நிக்குது." தாழ்ந்த குரலில் வாயசைத்து ஏமாற்றியவர்களைக் கண்டுபிடித்து, முழு மூச்சாகப் பாடச் சொன்னார். அவருடைய வாழ்நாளில் ஒரு பாடகர் குழு இவ்வளவு கடுமையாகப் பயிற்சி எடுத்ததில்லை. மேரிசெல்வி, பாட்டுப் பழக்குவது நானா அவரா என்று இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போய், இரண்டு தடவையும் திரும்பி வந்தாள்.

பூக்கள் நின்றன. காய்கள் இறங்கின. கிடுகாலா, திறந்த கதவாலா, பாட்டாலா என்று கேட்டால் யாகப்பர் பாட்டு என்பார், பஸ்னா கதவு என்பாள்.

திருநாளுக்கு முதல் நாள் எல்லாவற்றையும் பிடுங்கிச் சேர்த்தார்கள். எண்பது பேருக்குக் காணும். யாகப்பர் கூடையைப் பார்த்தபடி வாசலில் நின்றார். முந்நூறு பேர் முன்னிலையில் கைதட்டு வாங்கிய மனிதர்.

"நான் பாதரிட்டச் சொல்லிப்போட்டு வாறன்," என்று சட்டையைப் போட்டார்.

"பொறுங்கோ," என்றாள் பிலோமினா. அவள் சோளப்பொத்திகளை மடியில் கட்டிக்கொண்டு கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். "இதையும் வெட்டிக் கறிக்குள்ள போடுவம். மிச்சத்துக்குப் பூசணி இருக்கு. ஒருத்தருக்கும் விளங்காது."

யாகப்பர் சோளத்தைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, ஒன்றும் பேசாமல் பொத்தி உரிக்க உட்கார்ந்தார். பிலோமினாவும் ஒன்றும் பேசவில்லை. அவள் வாழ்க்கையில் பேசாமல் விட்ட மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

திருநாள் அன்று பாட்டு அபாரமாக இருந்தது. கூரை எழும்பும் என்று பாதரே பயந்தார். சாப்பாட்டுப் பந்தியில் யாகப்பர் கறி வாளியோடு ஒவ்வொரு இலையாகப் போனார். பயற்றங்காய் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சமையல்காரர் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டிருந்தார். அந்த வாரம் முழுக்கப் பள்ளிமுனையில் பேச்சு உப்பைப் பற்றித்தான்.